சறுக்கு மரத்தடி ஊமை

"...ஊமையா? யாரு, இவளா? நல்லா கேட்ட போ! இவ வாயத் தொறந்தா தாம்பரத்துல வண்டி கெளம்பாதும்மா. கார்டு பச்சைக் கொடிய மடிச்சிக் கக்கத்துல வெச்சிகினு, 'அப்பறம் இன்னா ஆச்சி, அப்பறம் இன்னா ஆச்சி'ன்னு கேட்டுகினு நிப்பாரு. இவளப் போயி ஊமைன்றியே!"

இப்படிச் சொன்னவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. சொன்ன இடம் கிண்டியில் பிள்ளைகள் பூங்கா. சறுக்கு மரத்தின் அடியில், மணலில், கொண்டை அவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் மகள். பக்கத்தில் நான், ஒரு கால் செருப்பு எங்கே போனதென்று தெரியாமல். எதிரில் புர்க்காவின் முகத்திரையை மேலே தூக்கி விட்டுக்கொண்டு, பல்லாவரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. "பாவம், இவங்க பொறவியிலேயே ஊமையா?" என்று என்னைக் காட்டி அந்த அம்மாதான் கேட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

இத்தனை பேசினாளே, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் நானும் பேச்சை நிறுத்தி அன்றைக்கு எட்டு மாசம்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு போர்ஷன். முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள், நடுவில் ஒரு கிணறு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ரயில்வேயில் வேலை. அக்கா ராயபுரத்துப் பெண். நான் செங்கல்பட்டுப் பக்கம். அவளுக்கு இரண்டு பையன்கள், எனக்கு ஒரே பெண். அக்கா என்றுதான் அவளை நான் கூப்பிடுவது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.

அவள் பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் காலையில் எழுந்திருப்பேன் என்று சொன்னால் மிகையில்லை. தாம்பரம் பக்கத்து ஏப்ரல் மாச வெயிலை முதல் தடவை பார்த்தபோது, "வெயிலு வூட்டுக்குள்ள வந்து குந்திகினு கீது. காபி குடுத்தாத்தான் எழுந்து போவும் போல" என்றாள். மழை பெய்து ஏரித் தவளைகள் கத்தினால், "எல்லாம் ஒரே நேரத்துல பேசினா யாருதான் கேக்கறது? நம்ம வூட்டுக் கல்யாணம் மாரியே கீதே" என்பாள். வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வரத் தாமதமானால், "வண்டி லேட்டுன்னா போர்டு போடறான். வூட்டுக்காரரு லேட்டுன்னு எவன் போடறான்?" மற்றவர்கள் பட்டுப்புடவைக்கு அந்துருண்டை போட்டு வைக்கிற மாதிரி நான் அவள் பேச்சை வைத்திருந்தேன். ஆள் வந்தால் எடுத்துக் காட்டுவேன். அங்கேதான் வம்பு.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு படித்தது எல்லாம் பொட்டலக் காகிதத்தில். அந்த நாளில் மளிகைக் கடையில் பருப்பு, மிளகாய், வெல்லம் எல்லாமே பழைய பத்திரிகைக் காகிதத்தில்தான் மடித்துத் தருவார்கள். சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் அக்கா அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவாள். ஒவ்வொன்றாகத் தொடைமேல் போட்டு, உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்து, என் கையில் கொடுப்பாள். "இதுல இன்னா போட்டுகீது, படி." படிப்பேன். பாதிக் கதை இருக்கும், கால்வாசிக் கொலை இருக்கும், எங்கேயோ பெய்த மழை இருக்கும். ஒரு தடவை ஒரு கதையில் கதாநாயகி கதவைத் திறக்கிறாள், அங்கே காகிதம் கிழிந்துவிட்டது. நான் தவித்துப் போனேன். அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "கதவத் தொறந்தா மாமியா நின்னுகினு இருந்திருப்பா. பயந்து போயி அவனே கிழிச்சிட்டான்" என்றாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததே கோயிலில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல கட்டைக் குரலில் பாடுவாள். ஒரு நாள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், புத்தகம் தலைகீழாக இருக்கிறது. "அக்கா, புத்தகம்" என்று காதோரம் சொன்னேன். தலையைத் திருப்பாமலே, பாட்டின் நடுவிலேயே சொன்னாள்: "கைல கீதுல்ல? நான் இன்னா பாடறேன்னு கர்த்தருக்குத் தெரியாதா? அவரு இன்னா, பக்கம் பாத்தா கேக்கறாரு?"

அன்றைக்கு நான் பாடவில்லை. சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாகப் போனது. வெளியே வந்த பிறகு, இதை யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. என்னிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த ஏப்ரலில் எங்கள் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் ஆண் பெண் அத்தனை பேரும் வாத்தியார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்த நேரம், யாரோ என்னைப் பார்த்து, "நீ நல்லா பேசிக் காட்டுவியாமே, ஏதாச்சும் செஞ்சு காட்டேன்" என்றார்கள். அவ்வளவு போதுமே எனக்கு. வெயில் காபி குடித்ததைச் செய்து காட்டினேன். தவளைக் கல்யாணம். சிரிப்பு ஏற ஏற எனக்கும் ஏறியது. என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு எதுவோ அதை எடுத்தேன். கையைப் புத்தகம் மாதிரி விரித்து, தலைகீழாகப் பிடித்து, அந்தக் கட்டைக் குரலில் பாடி, கர்த்தரையும் பக்கத்தையும் அப்படியே அவள் மாதிரியே சொல்லி முடித்தேன். நாற்பது பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு அத்தை முறையான ஒரு டீச்சர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப் பாவமே, எழுத்தே தெரியாதா! யாரும்மா அது?" என்றார்கள்.

நான் பேரைச் சொல்லவில்லை. என் கண் சொல்லிவிட்டது. என் கண் போன இடத்துக்கு நாற்பது பேருடைய கண்ணும் போனது. வாசற்படியில் அக்கா காபித் தம்ளர்த் தட்டோடு நின்றிருந்தாள்.

தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள். ஒரு தம்ளர்கூட இன்னொன்றோடு இடித்துச் சத்தம் போடவில்லை. போய்விட்டாள்.

நான் அவளைக் கேலி செய்ததாக நினைக்கவில்லை. அவள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று ஊருக்குக் காட்டியதாகத்தான் நினைத்தேன். அப்படித்தான் இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சொல்ல முடியவில்லை.

பேச்சு நின்றதே தவிர குடித்தனம் நிற்குமா? ஒரே கிணறு, ஒரே வாசல், ஒரே பால்காரர். எங்கள் பக்கத்தில் பேசாமல் இருப்பவர்களுக்கும் பேசிக்கொள்ள வழி உண்டு. நடுவில் ஒரு குழந்தை வேண்டும், அவ்வளவுதான். அவள் பையன்கள் இரண்டு பேரும் இந்த வேலைக்கு ஆகவில்லை. பாதியில் பட்டம் விட ஓடிவிடுவான்கள். அதனால் முழு வேலையும் அஞ்சு வயசு என் மகள் தலையில் விழுந்தது.

"கண்ணு, உங்க அம்மாகிட்ட சொல்லு, பால்காரன் வந்துட்டுப் பூட்டான், செம்பு வாசல்லயே கீது."

நான் இரண்டு அடி தள்ளி நின்று அத்தனையும் காதால் கேட்டிருப்பேன். ஆனாலும் கேட்காத மாதிரி நிற்க வேண்டும். என் மகள் வந்து என் முந்தானையை இழுத்து, "அம்மா, பால்காரர் வந்துட்டுப் போயிட்டாராம், செம்பு வாசல்லயே இருக்காம்" என்ற பிறகுதான் எனக்குக் கேட்கும். 'கீது'வை 'இருக்கு' ஆக்கித்தான் கொண்டு வருவாள். என் பதிலைத் திருப்பிக் கொண்டுபோகும்போது 'இருக்கு'வைக் 'கீது' ஆக்கிவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பொருளும் அப்படித்தான். கையிலிருந்து கைக்கு எதுவும் போகாது. குழம்புக் கிண்ணமோ, சீப்பு வாழைப்பழமோ, கிணற்றுச் சுவரில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவள் திரும்பி நடந்த பிறகு நான் போய் எடுக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் அவசரம் என்றால் வாளியிடம் சொல்லுவாள்: "சில பேரு ஈரக் கயித்த அப்படியே உட்டுட்டுப் பூடறாங்க." நான் கத்தரிச் செடியிடம் பதில் சொல்லுவேன்: "சில பேரு வர்றதுக்குள்ள காயட்டும்னுதான் விட்டது." வாளியும் கத்தரிச் செடியும் எங்கள் சண்டையில் நன்றாகத் தேறிவிட்டன.

ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். அதையும் குழந்தையிடம்தான் கொடுத்து அனுப்பினேன். "பெரியம்மாகிட்ட போய்ச் சொல்லு, அம்மா தப்புப் பண்ணிட்டாங்களாம்." போனாள். வந்தாள். "எந்தத் தப்புன்னு கேக்கறாங்க."

அதற்கு என்ன பதில் அனுப்புவது? அந்தத் தப்பைக் குழந்தை வாயில் வைத்து அனுப்பினால், இன்னொரு ஆளுக்கு அதைச் சொன்னதாக ஆகுமே. "ஒண்ணுமில்லை, விளையாடப் போ" என்றேன். அதோடு அது நின்றது.

எனக்கு அதிகமாக வலித்தது காகிதம்தான். பொட்டலம் பிரித்ததும் அவள் அதைக் கசக்கி லாந்தர் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தாள். பின்போர்ஷன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாதிக் கல்யாணமும் கால்வாசிக் கொலையும் யாரும் படிக்காமல் கரியாகப் போகும். அவளும் நிமிர மாட்டாள்.

டிசம்பரில் அவள் வீட்டுக்காரருக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்தது. ஜனவரியில் குடும்பத்தோடு போக வேண்டும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பீர்க்கன்கரணையில் இருக்கிற வரைக்கும் கிணறு இருந்தது, நடுவில் குழந்தை இருந்தது, பேசாமல் இருந்தாலும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஈரோட்டுக்குப் போய்விட்டால்? கடிதம் எழுதலாம். ஆனால் அந்தக் கடிதத்தை யாரோ ஒருவர் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். என் மன்னிப்பு இன்னொரு வாய் வழியாகத்தான் அவளிடம் போகும். அது போகாமலே இருக்கலாம். இங்கிருந்து அவள் வண்டி ஏறுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்து நான் பேசியாக வேண்டும், அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், திட்டினாலும் சரி. இல்லையென்றால் இது இப்படியே காய்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், அண்ணன் தம்பிகள் திட்டம் போட்டார்கள். "பசங்க ஒண்ணா ஒரு நாள் ஆடட்டும். கிண்டிக்குப் போய்ட்டு வருவோம்" என்றார் பெரியவர். மறுக்க யாருக்கும் வாய் இல்லை. எலுமிச்சம்பழச் சாதம் நான் கிளறினேன். டின்னில் மீதமிருந்த கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல்லை அக்கா எடுத்து வந்தாள். என் மகள் கிறிஸ்துமஸ் கவுனை மறுபடியும் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கே வாசலில் நின்றாள். பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து மின்சார வண்டி.

வண்டியில் அக்கா ஜன்னலோரம், நான் எதிர்ப் பெஞ்சில், நடுவில் வழக்கம்போல என் மகள். மீனம்பாக்கம் தாண்டும்போது ஒரு விமானம் மிகவும் தாழ்வாக இறங்கிற்று. பையன்கள் கூச்சல் போட்டான்கள். அக்கா வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "இன்னாது, நம்ம தலைலயே எறங்கறா மாரி வருது! கண்ணு, உங்க அம்மாவத் தலையக் குனிஞ்சிக்கச் சொல்லு."

"அம்மா, தலையக் குனிஞ்சிக்கணுமாம்."

குனிந்துகொண்டேன். நிஜமாகவே குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு பழவந்தாங்கல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று எனக்கு ஒரு சின்ன ஆசை. கிண்டி வரைக்கும் அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூங்கா வாசலில் அக்கா வறுத்த கடலை வாங்கினாள். பெரிய கூம்புப் பொட்டலம். உள்ளே போனதும் ஆண்கள் இரண்டு பேரும், "மான் பார்த்துட்டு வந்துடறோம்" என்று பையன்களைக் கூட்டிக்கொண்டு, காதில் டிரான்சிஸ்டரை வைத்தபடி போனார்கள். மானைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகுமா? எங்கள் இரண்டு பேரையும் வேண்டுமென்றே விட்டுப் போனார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மகளுக்கு ஊஞ்சல், சீசா எல்லாம் ஆகி, சறுக்கு மரம் வேண்டும் என்றாள். தகரம் அடித்த உயரமான சறுக்கு மரம். விடுமுறைக் கூட்டம். ஏணியில் பிள்ளைகள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஏறினாள், குஷியாகத்தான் ஏறினாள். உச்சியில் போய் உட்கார்ந்து கீழே பார்த்ததும் அப்படியே உறைந்துபோனாள். இரண்டு பக்கக் கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏணியில் பின்னால் அஞ்சாறு பிள்ளைகள், "போ! போ!" என்று கத்துகிறார்கள்.

"அம்மா, எனக்கு வேணாம்! எனக்கு வேணாம்!"

நான் ஏணிப் பக்கம் ஓடினேன். அங்கே ஒரு பலகை. பெரியவர்கள் ஏறக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. படித்தேன், நின்றுவிட்டேன். நான் அப்படித்தான், எழுதியிருந்தால் கேட்டுக்கொள்வேன். அக்கா மறுபக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கண்ணு, பயப்படாத. பெரியம்மா கீறேன்ல? உங்க அம்மாவ, எறங்கற பக்கம் வந்து நிக்கச் சொல்லு."

இத்தனை அழுகையிலும் என் மகள் வேலையை விடவில்லை. அந்த உயரத்திலிருந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னாள்: "அம்மா... எறங்கற பக்கம்... வந்து நிக்கணுமாம்..."

ஓடினேன். அங்கிருந்து நானும் மேலே பார்த்துக் கத்தினேன்: "பெரியம்மாவை, பின்னால நிக்கற பசங்களை எறக்கி விடச் சொல்லும்மா!"

"பெரியம்மா... பசங்களை..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. விக்கல் வந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. எங்கள் தபால் ஆபீஸ் மூடிவிட்டது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி மணல். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை கூப்பிட்டால் போதும். இரண்டு பேருக்கும் அது வரவில்லை.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? வேடிக்கை பார்க்க அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்தாள். எட்டு வயசு இருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி.

"ராஜா, இங்க வா. இந்தா, ஒரு கை கடலை. அதோ பச்சப் பொடவை கட்டிகினு நிக்கறாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நான் மேல ஏறப் போறேன், ரெண்டு கையும் நீட்டிகினு கெட்டியா நிக்கட்டும்னு."

பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இங்கதானே நிக்கறாங்க? நீங்களே சொல்லலாமே?"

"நான் சொல்ல முடியாது ராஜா. நீ போய்ச் சொல்லு, ஓடு."

அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. என் முன்னால் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான். "அவங்க! மேலே! ஏறப் போறாங்க!" ஒவ்வொன்றுக்கும் கையால் ஜாடை. அக்கா பக்கம் விரலை நீட்டி, ஏணியைக் காட்டி, இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, கெட்டியாக நிற்பதற்குக் காலைக்கூட உதைத்துக் காட்டினான். எனக்கோ பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினேன், கையை நீட்டினேன். பையன் துள்ளிக் குதித்து, பத்துப் பதினைஞ்சு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"ம்மா! இவங்களுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது! நான் கையாலயே சொன்னேன், புரிஞ்சிக்கிட்டாங்க!"

அதற்குள் அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கடலைப் பொட்டலத்தை இடுப்பில் செருகி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி விட்டு, ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டாள். தூரத்திலிருந்து காவல்காரர் விசில் ஊதினார். "இந்தாம்மா! எறங்கு! போர்டு பாக்கலியா நீ?"

"பாக்கலீங்கய்யா!" என்று மேலிருந்து சொன்னாள்.

அது பொய்யில்லை என்று அந்தப் பூங்காவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உச்சிக்குப் போய், என் மகளுக்குப் பின்னால் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கம்பியிலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காதில் ஏதோ சொன்னாள். பிறகு, "ஏசுவே!" என்று ஒரு சத்தம். கல்கல் டின் மாடிப்படியில் உருண்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இரைச்சலோடு இரண்டு பேரும் வந்தார்கள். நான் கையை நீட்டிக் கெட்டியாகத்தான் நின்றேன். இருந்தாலும் என் ஓரகத்தி நல்ல கனம். மூன்று பேரும் மணலில் உருண்டோம். செருப்பு ஒரு பக்கம், கடலை ஒரு பக்கம். அழுதுகொண்டிருந்த என் மகள் சட்டென்று நிறுத்தி, "இன்னொரு தடவை பெரியம்மா!" என்றாள்.

அந்த நேரத்தில்தான் தொப்பிப் பையனுடைய அம்மா ஓடி வந்தார்கள். கையில் தண்ணீர்ப் பாட்டில். முதலில் என் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அக்கா மடியில் வைத்தார்கள். பிறகு என் தலையில் ஒட்டிய மணலைத் தட்டி விட்டார்கள். என் தாடையைத் தொட்டு, அவ்வளவு வாஞ்சையாக, அக்காவிடம் கேட்டார்கள்: "பாவம், இவங்க பொறவியிலேயே ஊமையா? எவ்ளோ லட்சணமா இருக்காங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும். நான் நாற்பது பேர் முன்னால் செய்ததற்கு அவள் திருப்பிச் செய்ய வேறு எதுவும் வேண்டாம். தாம்பரத்திலேயே அதிகம் பேசுகிறவளை ஊமை என்று சொல்லி, அந்த அம்மாவிடம் இன்னும் நாலு இரக்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆயுசுக்கும் சிரிக்கலாம். எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. சொல்லட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் சொன்னது, நான் ஆரம்பத்தில் எழுதினேனே, அது. கார்டும் பச்சைக் கொடியும்.

அந்த அம்மா நம்பவில்லை. "அப்ப ஏன் இவ்ளோ நேரமா ஒரு வார்த்தை பேசலை?" என்றார்கள். நான் பேச வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. "வேணாம்மா, கஷ்டப்படுத்தாதீங்க அவங்களை" என்று அந்த அம்மா என் முதுகைத் தடவினார்கள்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மணலில் உட்கார்ந்தபடியே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு விரலால் மூக்கைத் தேய்த்து (நான் அப்படித் தேய்ப்பேன் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்) என் குரலை எடுத்தாள். "அப்படியா அக்கா? சொல்லுங்க அக்கா. அதை இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா." ஒரு 'கீது' இல்லை, ஒரு 'இன்னா' இல்லை, சுத்தமான செங்கல்பட்டு. பிறகு இரண்டு கையாலும் இல்லாத காகிதத்தை விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, நான் படிக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் படித்தாள்: "அவள்... மெல்ல... கதவைத் திறந்தாள். அங்கே..." நிறுத்தினாள். என் ஏக்கம் அத்தனையும் அவள் முகத்தில் வந்தது. "கிழிஞ்சிடுச்சு அக்கா!"

"அம்மா மாதிரியே!" என்று என் மகள் கை தட்டினாள். பையன் சிரித்தான், அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், விசிலோடு வந்த காவல்காரர்கூட அப்படியே நின்றுவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேச்சை நான் வைத்திருந்த மாதிரி அவளும் என்னை அந்துருண்டை போட்டு வைத்திருந்திருக்கிறாள். எட்டு மாசம் எடுத்துக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். குழந்தையைப் பார்க்கவில்லை, வாளி இல்லை, கத்தரிச் செடி இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பேசேன்டி. எம் மானம் போவுது."

"எந்தத் தப்புன்னு கேட்டீங்களே, அக்கா." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "என்னை நம்பி என்கிட்ட இருந்ததை எடுத்து ஊருக்கெல்லாம் பரிமாறிட்டேனே, அந்தத் தப்பு."

"அல்லா, பேசறாங்களே!" என்றார்கள் அந்த அம்மா. பையனுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

அக்கா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை உருவினாள். நசுங்கிப் போயிருந்தது, உள்ளே இரண்டே கடலை. ஒன்றை என் மகள் வாயில் போட்டாள், ஒன்றைத் தொப்பிப் பையனுக்குக் கொடுத்தாள். பிறகு அந்தக் கூம்பைப் பிரித்து, மணலை உதறி, தொடைமேல் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவை நீவினாள், இன்னொரு தடவை நீவினாள், என் மகளைக் கூப்பிடாமல் நேராக என் கையில் நீட்டினாள்.